எட்டு வருட பாய்லரும் ஒரு ஆக்சிஜன் மீட்டரும்

உடுமலையில் காகித ஆலை நடத்தும் நண்பர் போன வாரம் கேட்டார்: "உங்ககிட்ட ஓடற அதே பாய்லர் செகண்ட்ஸ்ல நல்ல விலைக்கு வருது. வாங்கலாங்களாண்ணா?" போனில் சொல்லி முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

மணிக்குப் பத்து டன் நீராவி தரும் பாய்லர், ஏ.எஃப்.பி.சி. வகை; கீழிருந்து ஊதும் காற்றில் மிதக்கும் சூடான படுகையில் (பெட்) கரியை எரிப்பது. எங்கள் ஆலையில் எட்டு வருடமாக ஓடுகிறது. நல்லதை முதலில் சொல்லிவிட வேண்டும். தூத்துக்குடியில் இறங்கும் இந்தோனேசியக் கரியோ, சாம்பல் மிகுந்த உள்நாட்டுக் கரியோ, எதைப் போட்டாலும் எரிக்கும். பெட் 850 டிகிரியில் நின்றால் ஷிப்ட் முழுக்க அசையாது. வருடாந்திர இன்ஸ்பெக்‌ஷனில் ஒரு குறை எழுதியதில்லை.

ஆனால் மூன்றாவது வருடத்திலிருந்து, ஒரு டன் ஸ்டீமுக்கு ஆகும் கரி ஏறிக்கொண்டே போனது. பாய்லருக்குள் போகும் தண்ணீர் (ஃபீட் வாட்டர்) 6 டிகிரி சூடேறினால் கரி 1 சதவீதம் மிச்சம் என்பார்கள். காகிதம் உலர்த்தும் ட்ரையரில் நீராவி குளிர்ந்து வரும் சுடுநீரை முழுக்கப் பாய்லருக்கே திருப்பினோம். கரிக்கு ஷெட் போட்டோம். பலனில்லை.

புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் மீட்டர் மட்டும் 10 சதவீதம் காட்டிக்கொண்டே இருந்தது. 5 பக்கம் இருக்க வேண்டும். மீட்டர் காட்டுவதை 21-லிருந்து (காற்றில் உள்ள ஆக்சிஜன் சதவீதம்) கழித்து, அந்த மீதியால் மீட்டர் எண்ணையே வகுத்தால், எரிக்கத் தேவையானதற்கு மேல் போகும் கூடுதல் காற்று தெரியும். 5 என்றால் 31 சதவீதம். 10 என்றால் 91! சர்வீஸுக்கு வந்தவர்கள் ஒவ்வொரு முறையும் "கரி சரியில்லை" என்று எழுதிக்கொடுத்துப் போனார்கள். நான் ஃபயர்மேன்களைத் திட்டி, அடுப்புக்குள் ஊதும் எஃப்.டி. ஃபேனின் காற்றைக் குறைக்க வைத்தேன். மீட்டர் இறங்கவில்லை, சாம்பல்தான் கறுத்தது. "உள்ள காத்து பத்தலீங்க சார்" என்று அவர்கள் சொன்னதை நான் காதில் வாங்கவே இல்லை. அது இன்னும் உறுத்துகிறது.

போன மாதம், புகையின் சூட்டால் அடுப்புக்குப் போகும் காற்றைச் சூடேற்றும் ஏர் ப்ரீஹீட்டரைப் பிரித்தோம். குளிர்ந்த முனைக் குழாய்களைப் புகையிலிருந்து படிந்த அமிலம் அரித்து, வரிசையாக ஓட்டை. அடுப்புக்குப் போக வேண்டிய காற்று பாதி வழியில் புகையோடு கலந்து சிம்னிக்குப் போயிருக்கிறது. மீட்டரின் ஒரே ப்ரோபை (அளக்கும் முனை) ப்ரீஹீட்டருக்கு அப்புறம் பொருத்தியிருக்கிறார்கள். அது அளந்தது இந்த ஒழுகலை. காற்று அதிகம் என்று மீட்டர் சொன்ன அத்தனை நாளும் அடுப்பு மூச்சுத் திணறியிருக்கிறது, எரியாத கரி சாம்பலோடு வெளியே போயிருக்கிறது. ப்ரீஹீட்டருக்கு முன்னால் இன்னொரு ப்ரோப் இருந்திருந்தால், இரண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசமே ஓட்டையைச் சொல்லியிருக்கும்.

குழாய் மாற்றியதும் மீட்டர் 6-க்கு வந்தது. புகையைச் சிம்னிக்கு இழுக்கும் ஐ.டி. ஃபேனின் இரைச்சலே அடங்கிவிட்டது. சாம்பல் வெளுத்துவிட்டது.

சரி, வாங்கலாமா? உறுதியான பாய்லர், இப்போது அருமையாக ஓடுகிறது. ஆனாலும் வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். இன்னொரு ப்ரோப் வைப்பது சின்ன வேலை என்று தெரிந்தேதான் சொல்கிறேன். ஐந்து வருடக் கரியை நினைத்தால் மனசு ஆறவில்லை தம்பி.

அதையும் மீறிப் போவதானால், புகையில் ஆக்சிஜனை அளக்கும் ஒரு கேஸ் அனலைசரை வாடகைக்கு எடுத்துப் போங்கள். ப்ரீஹீட்டருக்கு முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். பாய்லர் ஓட்டத்தில் இல்லை என்றால் மேன்ஹோலைத் திறந்து, குளிர்ந்த பக்கக் குழாய்களுக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு அப்புறம் விலை பேசுங்கள்.