பைப்சா, ஓசிமோசிஸ், கலையோப்பி, ஓமாஃப்: எதற்கு எது?

சூரிய ஒளி, காற்று என்று ஒரு மின்சாரத் திட்டத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்க எந்தத் திறமூல (ஓப்பன் சோர்ஸ்) கருவியை எடுக்கலாம் என்று கேட்டால், பத்தில் எட்டுப் பேர் யோசிக்காமல் பைப்சா (PyPSA) என்பார்கள். நல்ல கருவிதான், மறுக்கவில்லை. ஆனால் 2050 வரை எந்த ஆண்டில் எந்த அனல்மின் நிலையத்தை மூடலாம், அந்த இடத்தில் எதைக் கட்டலாம் என்று பார்க்க வந்தவருக்கும், மாலை ஏழு மணி உச்ச நேரத்தில் ஒரு குறிப்பிட்ட மின்பாதை தாங்குமா என்று பார்க்க வந்தவருக்கும் ஒரே பதிலைச் சொன்னால் இருவரில் ஒருவருடைய உழைப்பு வீண்தான்.

உள்ளே பார்த்தால் எல்லாம் ஒரே வகைக் கணக்குதான்: தேவை நிறைவேற வேண்டும், செலவு குறைவாக இருக்க வேண்டும், அதற்குள் எவ்வளவு கட்டுவது, எதை எப்போது ஓட்டுவது. கருவிக்குக் கருவி மாறுவது காலத்தை எவ்வளவு பொடியாக நறுக்குகிறது என்பதும், மின்கம்பியைப் பற்றி அதற்கு எவ்வளவு தெரியும் என்பதும்.

முதலில் காலம். ஒரு ஆண்டில் 8760 மணி நேரம். 50 முனைகள் (மின்வலையில் உற்பத்தியும் தேவையும் சேரும் இடங்கள்), முனைக்கு 20 வகை உற்பத்தி என்று வைத்தால் ஓராண்டுக்கே 87,60,000 மாறிகள், அதாவது கணினி விடை காண வேண்டிய எண்கள், வந்துவிடும், அதுவும் பேட்டரியையும் மின்பாதையையும் சேர்க்காமல். இதை 30 ஆண்டுக்கு நீட்டினால் 26 கோடியைத் தாண்டும், சாதாரணக் கணினி அதற்கு முன்பே கையை விரித்துவிடும். எனவே எல்லாரும் எதையாவது விட்டுக்கொடுக்கிறார்கள்.

ஓசிமோசிஸ் (OSeMOSYS) மணிக்கணக்கை விட்டுக்கொடுத்து ஆண்டுகளை வைத்துக்கொண்டது. 2011-இல் இதை விவரித்துக் கட்டுரை வந்தது, சுவீடனின் கேடிஎச் பல்கலைக்கழகம் இதன் வளர்ச்சியில் முக்கிய இடம். மூல வடிவம் ஜிஎன்யு மேத்புரோக் மொழியில் சில நூறு வரிகள்தான், ஒருவர் உட்கார்ந்து முழுசாகப் படித்துவிடலாம். ஆண்டை 4 பருவம், பகல் இரவு என்று 8 நேரத்துண்டாக வெட்டினால் 30 ஆண்டுக்கும் சேர்த்து 240 துண்டுதான். மடிக்கணினியில் ஓடும். எக்செல் பழகிய திட்டக்குழு ஆட்களுக்கென்று தரவு உள்ளிடும் முகப்புகளும் இருக்கின்றன. நிரலாளர் இல்லாத அலுவலகத்துக்கு இதை விட்டால் ஏற்ற வழி குறைவு.

ஆனால் அந்த 8 துண்டுக்கு ஒரு விலை உண்டு. "கோடைப் பகல்" என்ற ஒரே துண்டுக்குள் மூன்று மாதத்துப் பகல்கள் எல்லாம் சராசரியாகி உட்கார்ந்திருக்கும். சராசரியில் மேகமூட்டமான வாரம் என்று ஒன்று கிடையாது. காற்று அடிக்காத நான்கு நாள் என்றும் கிடையாது. 100 மெகாவாட் காற்றாலை எந்நேரமும் 30 மெகாவாட் தரும் அடக்கமான ஆலையாகத் தெரியும். அப்படியொரு உலகத்தில் பேட்டரிக்குப் பகலில் வாங்கி இரவில் விற்கும் வேலைதான் மிச்சம், காற்றில்லாத பல நாளைத் தாங்கும் சேமிப்புக்கு வேலையே இல்லை. இதற்கு மாற்றாக இருப்புத் திறன் விகிதம் (உச்சத் தேவைக்கு மேல் எவ்வளவு திறன் கையிருப்பில் வேண்டும்) என்ற ஒரு அளவை நாமே கொடுக்கலாம், அதில் காற்றாலைக்கு எவ்வளவு மதிப்பு என்பதையும் நாமே சொல்ல வேண்டும். அதாவது மாடல் கண்டுபிடிக்க வேண்டியதை நாம் ஊகித்து உள்ளே போடுகிறோம். சேமிப்பைச் சேர்க்கும்போது ஒவ்வொரு துண்டும் எந்தப் பருவம், எந்த நாள் வகை, நாளின் எந்தப் பகுதி என்று மூன்று அட்டவணை நிரப்ப வேண்டியிருக்கும். அதில் ஒரு கட்டத்தில் தப்பான எண் விழுந்தாலும் கணக்கு பாட்டுக்கு ஓடிவிடும், விடை மட்டும் வினோதமாக வரும். சரிபார்க்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

பைப்சா நேர் எதிர்ப் பக்கம். பிராங்க்பர்ட்டில் உள்ள ஃபியாஸ் ஆய்வு மையத்தில் தொடங்கியது, இப்போது பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக் குழு முன்னின்று வளர்க்கிறது. பைத்தானில் மணிக்கணக்கான தரவு, பல முனைகள், எல்லாவற்றுக்கும் மேலாகக் கம்பியின் இயற்பியல். ஒரு சின்ன உதாரணம் பாருங்கள். அ என்ற இடத்திலிருந்து ஆ என்ற இடத்துக்கு இரண்டு மின்பாதைகள், இரண்டுக்கும் கொள்ளளவு 100 மெகாவாட், ஆனால் இரண்டாவதன் மின்மறுப்பு (ஓட்டத்துக்கு அது காட்டும் தடை) முதலாவதைப் போல இரண்டு மடங்கு. கம்பியை வெறும் குழாயாக நினைக்கும் மாடல் 200 மெகாவாட் அனுப்பலாம் என்று சொல்லும். உண்மையில் மின்சாரம் மறுப்புக்கு எதிர் விகிதத்தில் 2:1 என்று பிரிந்து ஓடும், முதல் பாதை 100 தொட்டுவிட்டால் இரண்டாவதில் 50-தான் போகும், மொத்தமே 150. அந்தக் குறையும் 50 மெகாவாட்டுக்காகத்தான் புதிய பாதையோ பேட்டரியோ கட்ட வேண்டியிருக்கும். பைப்சாவில் லைன் என்று கொடுத்தால் கிர்க்காஃப் விதிப்படி பிரியும், லிங்க் என்று கொடுத்தால் நாம் சொல்கிறபடி ஓடும். உயர் அழுத்த நேர்மின்னோட்ட (டிசி) பாதைக்கும், மின்னை வெப்பமாகவோ ஹைட்ரஜனாகவோ மாற்றும் கருவிகளுக்கும் லிங்க்.

புதிதாக வருபவர்கள் தடுக்கி விழும் இடம் சேமிப்பு. ஸ்டோரேஜ்யூனிட் என்ற உறுப்பில் ஆற்றலும் திறனும் ஒரு நிலையான மணிக்கணக்கால் கட்டுண்டிருக்கும், ஸ்டோர் என்பதை லிங்க்குகளோடு சேர்த்து வைத்தால் இரண்டையும் தனித்தனியாக மாடலே முடிவு செய்யும். பேட்டரிக்கு முதலாவது போதும், ஹைட்ரஜன் கிடங்குக்குப் போதாது. அப்புறம், ஆண்டு முடிவில் சேமிப்பு தொடக்க நிலைக்கே திரும்ப வேண்டும் என்ற நிபந்தனை தானாக இயங்காது, நாம்தான் போட வேண்டும். தொடக்க இருப்பு என்று ஒரு எண்ணைக் கொடுத்துவிட்டு இதை மறந்தால், மாடல் அந்த இருப்பை இலவச மின்சாரமாக எண்ணித் தீர்த்துவிடும். பல ஆண்டு முதலீட்டுக் காலங்களையும் பைப்சா ஏற்கும், ஆனால் மேலே சொன்ன மாறிக் கணக்கு அங்கேயும் துரத்தி வரும். பைப்சா-எர்த் மாதிரித் தயார் மாடல்களைக் கண்டதும் ஆசையோடு அதில் குதிக்கிறவர்கள் அதிகம்; மூன்று முனை வலையமைப்பு ஒன்றைக் கையால் கட்டிப் பார்த்துவிட்டுப் போனால் பின்னால் வரும் பிழைகள் புரியும்.

கலையோப்பியின் (Calliope) அழகு வேறு இடத்தில். மாடல் முழுவதும் யாமல் (YAML) என்ற எளிய உரைக் கோப்புகளில் எழுதப்படும், நிரல் தெரியாதவரும் திறந்து எந்த ஆலைக்கு என்ன செலவு போட்டிருக்கிறார்கள் என்று படிக்கலாம், சண்டையும் போடலாம். ஒரே ஒரு மலிவான விடையோடு நிற்காமல், செலவு கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை என்று விட்டால் எத்தனை வெவ்வேறு வழிகள் கிடைக்கின்றன என்று தேடும் ஸ்போர்ஸ் முறை இங்கே உண்டு. நிலம் கிடைக்காது, கடற்கரையில் எதிர்ப்பு என்று ஆயிரம் தடைகள் உள்ள இடத்தில் இந்தப் பட்டியலுக்குத்தான் மதிப்பு அதிகம் என்பது என் கருத்து. ஆனால் கம்பி விஷயத்தில் இயல்பாக இது குழாய்க் கட்சி, மேலே சொன்ன உதாரணத்தில் 200 என்றுதான் சொல்லும்.

ஓமாஃப் (oemof), ஜெர்மனியில் ரைனர் லெமோயின் நிறுவனம் போன்ற குழுக்கள் சேர்ந்து வளர்த்தது. நகரம், குடியிருப்பு, தொழிற்சாலை அளவில் மின்சாரமும் வெப்பமும் சேர்ந்து வரும் இடங்களில் நன்றாகப் பொருந்தும். ஒரு எச்சரிக்கை: முன்பு டிரான்ஸ்ஃபார்மர் என்றிருந்த உறுப்பின் பெயரைப் பின்னால் கன்வர்ட்டர் என்று மாற்றிவிட்டார்கள், பழைய உதாரணத்தை அப்படியே ஒட்டினால் ஓடாது.

அனல்மின் நிலையங்கள் நிறைய உள்ள அமைப்பில், அவற்றை ஏற்றி இறக்கும் வேகமும் தொடக்கச் செலவும் முக்கியம் என்றால் எம்ஐடி, பிரின்ஸ்டன் ஆட்கள் ஜூலியா என்ற நிரல் மொழியில் எழுதிய ஜென்எக்ஸைப் (GenX) பாருங்கள். அனல் இல்லாத அமைப்புக்கு அவ்வளவு லாபம் இல்லை.

டைம்ஸ் (TIMES), மெசேஜ்-ஐஎக்ஸ் (MESSAGEix) என்ற வேறு இரண்டு கருவிகளும் திறமூலம்தான், ஆனால் ஓட்டுவதற்கு கேம்ஸ் (GAMS) என்ற வணிக மென்பொருள் தேவை. உரிமத்துக்குக் காசு இல்லாத இடத்தில் அந்தத் திறப்பு பாதிக் கதவுதான்.

சால்வரையும், அதாவது கணக்கைத் தீர்த்து விடை தரும் மென்பொருளையும், இப்போதே யோசித்துவிடுங்கள். ஓசிமோசிஸோடு பழக்கமாக வரும் ஜிஎல்பிகே (GLPK) சின்னக் கணக்குக்குச் சரி, பெரியதில் நகராது. கணக்கை ஒரு கோப்பாக எழுதி எடுத்து வேறு சால்வரிடம் கொடுக்கலாம். எடின்பரோவில் உருவான ஹைஸ் (HiGHS) இலவசம், பைப்சாவோடு நன்றாகப் போகும். பெரிய கணக்கில் அதன் உட்புள்ளி (interior point) முறையைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். அதிலும் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தால் குரோபி (Gurobi) என்ற வணிக சால்வருக்குப் பணம் கட்டுவதா, முனைகளைக் குறைப்பதா என்று முடிவு செய்ய வேண்டியதுதான். நான் முனைகளைத்தான் முதலில் குறைப்பேன்.

எதை எடுத்தாலும் காற்றுத் தரவு ஈஆர்ஏ5 (ERA5) போன்ற மறுபகுப்பாய்வுத் தொகுப்பிலிருந்தே (கடந்தகால வானிலையைக் கணினி மாடலால் மறுபடி கட்டியெழுப்பிய தரவு) பெரும்பாலும் வரும். அதன் கட்டம் சுமார் 31 கிலோமீட்டர், மலை முகடும் கணவாயும் அதில் மழுங்கிவிடும், அங்கே காற்று குறைவாகவே தெரியும். அளந்த தரவு கையில் இருந்தால் ஒப்பிட்டுத் திருத்துங்கள்.

2050 வரையான ஆண்டுவாரித் திட்டமும் வேண்டும், மணிக்கணக்கும் வேண்டும் என்பவர்கள் ஓசிமோசிஸ், பைப்சா இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். ஓசிமோசிஸ் 2040-க்குச் சொன்ன நிறுவுதிறனை மாற்றாமல் எடுத்து, அந்த ஓர் ஆண்டை மட்டும் பைப்சாவில் 8760 மணிக்கும் ஓட்டுங்கள், முடிந்தால் காற்று மோசமாக இருந்த ஆண்டின் தரவோடு. தேவை நிறைவேறாத மணிகள் வந்தால் ஓசிமோசிஸுக்குத் திரும்பி, காற்றாலைக்குக் கொடுத்த திறன் மதிப்பைக் குறைத்து மறுபடி ஓட்ட வேண்டும்.