ஒரே பக்கத்தில் ஒரு நல்ல ஒயின் பட்டியல்

புதுச்சேரி ஒயிட் டவுனில் போன வாரம் சாப்பிட்ட உணவகத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது அவர்களுடைய ஒயின் பட்டியல்தான். ஒரே பக்கம், பதினோரு ஒயின், அதில் ஆறு கிளாஸ் கணக்கிலும் கிடைக்கிறது. வருகிறவர்களில் நிறையப் பேர் பீர் குடித்துப் பழகியவர்கள், எடுத்த எடுப்பில் 750 மில்லி பாட்டிலை வாங்கத் தயங்குவார்கள் என்று புரிந்துகொண்டு 150 மில்லியாக, பாட்டிலுக்கு ஐந்து கிளாஸ் என்று ஊற்றுகிறார்கள்.

இறால் மிளகு வறுவலுக்கு நாசிக் செனின் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின் எடுத்தோம். லேசான இனிப்பு, நல்ல சில்லிப்பு, கிளாஸின் வெளிப்பக்கம் முத்து முத்தாக வியர்த்திருந்தது, காரம் அப்படியே அடங்கிவிட்டது. துவர்ப்பு அதிகமுள்ள சிவப்பு ஒயினைக் காரத்தோடு குடித்தால் நாக்கு இன்னும் எரியும். பல இடங்களில் இதை யோசிக்காமல் கேபர்நே மாதிரி துவர்ப்பான, விலை கூடிய சிவப்பு ஒயினாக அடுக்கி வைக்கிறார்கள்.

ஒரு குறை, ஷிராஸ் என்ற சிவப்பு ஒயின் அறைச் சூட்டிலேயே வந்தது. சிவப்பு ஒயினுக்கு 16 முதல் 18 டிகிரி போதும், நம்ம ஊர் அறையில் அது எங்கே இருக்கிறது? சொன்னதும் பரிமாறிய தம்பி ஐஸ் வாளியில் பத்து நிமிஷம் வைத்துக் கொடுத்தார், அப்புறம்தான் பழ வாசனையே எழும்பியது. மீன் குழம்போடு குடிக்க ஒரு ரோஸே (இளஞ்சிவப்பு ஒயின்) பட்டியலில் சேர்த்தால் மறுபடியும் போவேன்.