நிற்காமல் சுற்றும் சக்கரம்: பிளெண்டரில் எந்த வழி?

24 ஆரங்கள் கொண்ட அசோகச் சக்கரம் ஒன்றை, முப்பரிமாண அசைபடம் செய்யும் மென்பொருளான பிளெண்டரில் செய்து முடித்தாயிற்று. இனி அது ஓயாமல் சுற்ற வேண்டும். சுற்று எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்ப்பவருக்குத் தெரியக் கூடாது. நொடிக்கு 24 பிரேம் (அதாவது 24 படம்), ஒரு சுற்றுக்கு 5 நொடி, ஆக 120 பிரேம் என்று வைத்துக்கொள்வோம்.

பெரும்பாலோர் முதலில் போவது இரண்டு கீஃப்ரேம் வழிக்கு. இந்தப் பிரேமில் பொருள் இந்த நிலையில் இருக்க வேண்டும் என்று நாம் குறித்துவைப்பதுதான் கீஃப்ரேம்; இடைப்பட்டதை பிளெண்டரே நிரப்பும். 1-ஆம் பிரேமில் 0 டிகிரி, 120-இல் 360 டிகிரி. ஓட்டிப் பார்த்தால் சுற்றுக்கு ஒரு முறை லேசாகத் தடுக்கும். 0-வும் 360-வும் ஒரே நிலைதானே, ஒரே படம் அடுத்தடுத்து இரண்டு முறை வருகிறது. 360-ஐ 121-க்குத் தள்ளிவிட்டு, ரெண்டரை (இறுதிப் படங்களை உருவாக்குவதை) 120-லேயே நிறுத்தினால் கடைசிப் படம் 357 டிகிரியில் முடியும். மீதி 3 டிகிரியை முதல் படம் நிரப்பும். கூடவே, பிளெண்டர் தானாகப் போடும் பெசியர் வளைவையும் லீனியராக, அதாவது சீரான நேர்கோடாக மாற்ற வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு சுற்றிலும் சக்கரம் மெல்லக் கிளம்பி மெல்ல நிற்கும்.

இதோடு வேலை முடிந்தது என்று பல பாடங்கள் சொல்லிவிடுகின்றன. மோஷன் பிளர் (அசைவால் வரும் மங்கல்) போட்டுப் பாருங்கள், குட்டு வெளிப்படும். கேமராவின் ஷட்டர் வழக்கமாக ஒவ்வொரு பிரேமுக்கும் முன்னே பாதி, பின்னே பாதி திறந்திருக்கும். 1-ஆம் பிரேமுக்கு முன்னால் சக்கரம் அசைவதே இல்லை. அதனால் அந்த ஒரு படத்தில் மட்டும் மங்கல் பாதியாகி, ஆரங்கள் பளிச்சென்று தெரியும். அசைவைக் கோடாகக் காட்டும் கிராஃப் எடிட்டரில் ஷிஃப்ட்டோடு 'இ' விசையை அழுத்தி, லீனியர் எக்ஸ்ட்ராபொலேஷனைத் தேர்ந்தெடுத்தால் கோடு இரு பக்கமும் நீண்டுவிடும், சிக்கலும் தீரும். ஒற்றைச் சக்கரத்துக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

அதே மெனுவில் 'மேக் சைக்ளிக்' என்று ஒன்று உண்டு, அசைவைத் திரும்பத் திரும்ப ஓட்டுவது. சீரான சுழற்சிக்கு அது வீண் சுமை. மிதிக்கும்போது வேகம் ஏறி இறங்கும் பெடல் போல, சுற்றுக்குள்ளேயே வேகம் மாறினால்தான் அதற்கு வேலை. அப்போதும் ஒவ்வொரு முறையும் 360-ஐக் கூட்டிக்கொண்டே போகும் வகையைத்தான் எடுக்க வேண்டும்.

அசைவைச் சூத்திரத்தால் கணக்கிடும் டிரைவர் வழியில் கீஃப்ரேமே கிடையாது. பிரேம் எண்ணை 3-ஆல் பெருக்கி ரேடியன் என்ற கோண அலகாக்கும் ஒரு வரியைச் சுழற்சிப் பெட்டியில் எழுதினால் போதும். பல் சக்கரங்கள் பல இருந்தால் இதற்கு ஈடு கிடையாது: 20 பல் சக்கரம் மூன்று சுற்றுச் சுற்றும்போது 30 பல் சக்கரம் இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும் என்பதைக் கணக்காகவே எழுதிவிடலாம். ஆனால் வேறு மென்பொருளுக்கு அனுப்பும்போது டிரைவர் கூட வராது, கீஃப்ரேம்களாக பேக் செய்தாக (மாற்றிப் பதித்தாக) வேண்டும். சுழற்சியை நான்கு எண்களால் குறிக்கும் குவாட்டர்னியன் முறையில் வைத்திருந்தால் இரண்டு கீஃப்ரேம் வழியும் கைவிட்டுவிடும். 0-க்கும் 360-க்கும் அங்கே வேறுபாடு தெரியாததால் சக்கரம் நின்ற இடத்திலேயே நிற்கும். பிளெண்டரில் எலும்புகளுக்கு (உருவங்களை அசைக்கப் போடும் உள்சட்டங்களுக்கு) அதுதான் இயல்புநிலை என்பதால் கவனம் தேவை.

எனக்கு மிகவும் பிடித்தது சமச்சீர் வழி. 24 ஆரங்களும் ஒன்றுபோல இருந்தால் 15 டிகிரி திரும்பியதுமே பழைய படம் வந்துவிடுகிறது. பிரேமுக்கு 3 டிகிரி வீதம் 5 பிரேம் போதும், 120 எதற்கு? எக்ஸ்ட்ராபொலேஷன் ஏற்கெனவே போட்டிருந்தால் முடிவுப் பிரேமை 5 என்று மாற்றுவது மட்டுமே வேலை. ஓர் ஆரத்தில் ஒரு கீறல் இருந்தாலும், சக்கரத்தை விட்டுவிட்டு கேமராவைச் சுற்றவைத்தாலும் இது பலிக்காது. வேகத்திலும் வரம்பு உண்டு: பிரேமுக்கு 7.5 டிகிரியைத் தாண்டினால் சக்கரம் பின்னோக்கிச் சுற்றுவதாகத் தோன்றும், 15-இல் அசையாமல் நிற்பதாகவே தோன்றும். ஜிஃப்பாக எடுக்கிறவர்கள் நொடிக்கு 25 பிரேம் வைத்துக்கொள்ளுங்கள். ஜிஃப்பில் ஒவ்வொரு படத்தின் நேரமும் நொடியில் நூறில் ஒரு பங்கு என்ற முழு எண்ணிக்கையில்தான் பதிவாகும், 24 அதில் சரியாகப் பொருந்தாது.