தொடர்ந்து தோற்கும் அணியும் எக்ஸ்ஜி எண்ணும்: நீண்ட காலப் பயன்பாட்டில் தெரிந்தவை

நாலைந்து மேட்ச் தொடர்ந்து தோற்ற கால்பந்து அணியின் ரசிகரிடம், கடைசி விசில் ஊதிய மறுநிமிடமே மூன்று தீர்ப்புகள் தயாராக இருக்கும். ஸ்ட்ரைக்கருக்கு கோல் போடத் தெரியவில்லை, கீப்பர் சரியில்லை, கோச்சை மாற்ற வேண்டும். மூன்றுமே சரியாக இருக்கலாம், மூன்றுமே தப்பாகவும் இருக்கலாம். எது சரி என்று பிரித்துப் பார்க்க ரசிகர் கையில் இருக்கும் ஒரே உருப்படியான கருவி எக்ஸ்ஜி (xG, எதிர்பார்க்கப்படும் கோல்). ஆனால் பெரும்பாலானவர்கள் அதைப் பயன்படுத்தும் விதம் தலைகீழாக இருக்கிறது. அன்றைய மேட்ச் முடிந்ததும் அன்றைய எண்ணைப் பார்த்து ஆறுதலோ ஆத்திரமோ அடைகிறார்கள். ஒரு மேட்சுக்கு அந்த எண் கிட்டத்தட்ட ஒன்றுமே சொல்லாது. பத்து மேட்சுக்கு அது சொல்வதைப் போல வேறு எதுவும் சொல்லாது.

ஒவ்வொரு ஷாட்டும் கோலாகும் வாய்ப்பு எவ்வளவு என்று 0 முதல் 1 வரை மதிப்பிட்டு, அவற்றைக் கூட்டினால் வருவதுதான் எக்ஸ்ஜி. கோலிலிருந்து தூரம், கோணம், காலா தலையா, எந்த மாதிரி பாஸிலிருந்து வந்தது என்பவை கணக்கில் சேரும். பெனால்டியின் மதிப்பு 0.76 முதல் 0.79 வரை. சராசரி ஷாட் ஒன்றின் மதிப்பு சுமார் 0.1, அதாவது பத்துக்கு ஒன்று கோல். ஒரே இடத்திலிருந்து காலால் அடிப்பதைவிட ஹெடருக்கு மதிப்பு குறைவு. இந்த மூன்றும் மனதில் பதிந்தாலே மேட்ச் பார்க்கும் விதம் மாறிவிடும். 25 மீட்டரிலிருந்து அடித்து வெளியே போன ஷாட்டுக்குத் தலையில் கை வைக்கத் தோன்றாது. அது நூற்றுக்கு மூன்று நாலு முறைதான் உள்ளே போகும்.

ஆப் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஃபோட்மாப் காட்டுவது ஓப்டா என்ற தரவு நிறுவனத்தின் கணக்கு. அண்டர்ஸ்டாட் தன் சொந்தக் கணக்கை வைத்திருக்கிறது. ஒரே மேட்சுக்கு இரண்டிலும் வேறு வேறு எண் வரும், சில சமயம் 0.4, 0.5 கூட வித்தியாசம் இருக்கும். எது சரி என்று சண்டை போடுவதில் பயனில்லை. சீசன் முழுக்க ஒன்றையே பிடித்துக்கொள்ள வேண்டும். மேட்சுக்கு மேட்ச் தனக்குப் பிடித்த எண் வரும் ஆப்பைத் தேடிப் போனால் கருவி கெட்டுவிடும்.

மொத்த எண்ணைவிட, ஷாட் அடித்த இடங்களைப் புள்ளிகளாகக் காட்டும் ஷாட் மேப் முக்கியம். ஃபோட்மாப்பில் ஒவ்வொரு புள்ளியையும் தொட்டால் அந்த ஷாட்டின் எக்ஸ்ஜி, காலா தலையா, ஓட்டத்தில் வந்ததா கார்னரில் வந்ததா என்பது தெரியும். தடுமாறும் அணியின் மேப்புக்கு என்று ஒரு முகமே உண்டு. பாக்ஸுக்கு வெளியே அரைவட்டமாகப் பத்துப் பன்னிரண்டு புள்ளி, உள்ளே கூட்டத்துக்கு நடுவில் இரண்டு மூன்று ஹெடர், ஆறு கெஜப் பெட்டிக்கு முன்னால் வெறும் புல். எதிரணியின் மேப்பில் மொத்தமே ஐந்து புள்ளிதான், அதில் இரண்டு பெரிய வட்டம், அதாவது மதிப்பு அதிகமான ஷாட். “இருபது ஷாட் அடித்தும் தோற்றோம்” என்று புலம்பும் மேட்ச்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

கணக்காகவே பார்க்கலாம். ஒரு அணி 0.05 மதிப்புள்ள ஷாட் 20 அடிக்கிறது. இன்னொன்று 0.5 மதிப்புள்ள ஷாட் இரண்டே இரண்டு அடிக்கிறது. இரண்டுக்கும் எக்ஸ்ஜி சரியாக 1.0. ஆனால் குறைந்தது ஒரு கோலாவது போடும் வாய்ப்பு முதல் அணிக்கு 64 சதவீதம், இரண்டாவதற்கு 75. இந்த இரண்டும் மோதினால் இரண்டு ஷாட் அணி ஜெயிக்கும் வாய்ப்பு 36 சதவீதம், இருபது ஷாட் அணிக்கு 31. தூரத்திலிருந்து அடித்துக்கொண்டே இருப்பது அழுத்தம் கொடுப்பது போலத் தோன்றும். உண்மையில் அது பாக்ஸுக்குள் போக வழி தெரியாததன் அடையாளம்.

அடுத்தது, நீண்ட காலம் பயன்படுத்தினால்தான் பிடிபடும் குறை. இதைத் தெரிந்துகொள்ளாமல் எக்ஸ்ஜி பார்ப்பவர்கள் சீசன் பாதி வரை தங்கள் அணி “நல்லா ஆடித் தோற்கிறது” என்று நம்பிக்கொண்டிருப்பார்கள். முன்னிலையில் இருக்கும் அணி பின்வாங்கி ஆடும், பின்தங்கிய அணிக்குப் பந்தும் இடமும் கிடைக்கும். அதனால் தோற்கும் அணியின் எக்ஸ்ஜி கடைசி அரை மணி நேரத்தில் தானாக ஊதும். 1-2 என்று தோற்ற ஒரு மேட்சில் எக்ஸ்ஜி 1.4-1.1 என்று வைத்துக்கொள்வோம். பார்த்தால் துரதிர்ஷ்டம் போல இருக்கும். முதல் கோல் 31-வது நிமிடத்தில் வாங்கியிருந்தால், அந்த 31 நிமிடத்தின் கணக்கை மட்டும் ஷாட் மேப்பிலிருந்து தனியாகக் கூட்டிப் பாருங்கள். 0.2-0.7 என்று வரலாம். மேட்ச் யார் கையிலும் இல்லாதபோது இந்த அணி எதுவும் செய்யவில்லை. மீதி 1.2 எதிரணி விட்டுக்கொடுத்தது.

ஆகவே ஸ்கோர் சமநிலையில் இருந்த நிமிடங்களின் எக்ஸ்ஜியைத் தனியே எழுதி வைப்பதுதான் இந்தப் பழக்கத்தின் உயிர். மேட்ச் மேட்சாக இது வேண்டுமென்றால் கையால்தான் கூட்ட வேண்டும். ஒரு மேட்சுக்குப் பத்து நிமிடம் ஆகும். நோட்டில் ஒரு வரி போதும்: எதிரணி, சொந்த மைதானமா வெளியா, ஸ்கோர், பெனால்டி நீக்கிய எக்ஸ்ஜி இரு பக்கமும், சமநிலையில் இருந்த நிமிடம், அந்த நிமிடங்களின் எக்ஸ்ஜி, சிவப்பு அட்டை இருந்தால் எந்த நிமிடம். பெனால்டியை நீக்குவது ஏன் என்றால், ஒரே ஒரு விசில் அந்த மேட்சின் எண்ணை 0.8 தூக்கிவிடும், ஆட்டத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது. சிவப்பு அட்டைக்குப் பிறகு வந்த எண்களையும் மொத்தத்தில் சேர்க்க வேண்டாம். இதை மறுநாள் காலையில் எழுதுவது நல்லது. மேட்ச் நடக்கும்போது காட்டும் எண்கள் பிறகு திருத்தப்படும். தோற்ற ராத்திரியில் எழுதினால் நோட்டில் கணக்கைவிடக் கோபம்தான் அதிகம் ஏறும்.

பத்து மேட்ச் சேர்ந்ததும் கூட்டிப் பாருங்கள், அதன் பிறகு ஒவ்வொரு மேட்சும் வரும்போது பழையதில் ஒன்றைக் கழித்துவிடலாம். மேட்சுக்கு எக்ஸ்ஜி வித்தியாசம் (சொந்த எண்ணில் எதிரணியின் எண்ணைக் கழித்தது) −0.2 சுற்றி இருந்தால் அது நடுத்தர அணி, புள்ளிப் பட்டியலில் எங்கே கிடந்தாலும் சரி. −0.8 என்றால் 38 மேட்சுக்கு −30. அது நிஜமான ஆபத்து, ஒன்றிரண்டு வெற்றி வந்தாலும் ஏமாறக் கூடாது. கோல் 7-18 என்று இருந்து எக்ஸ்ஜி 12.6-13.4 என்று இருந்தால் அந்த அணியை நம்பலாம். கோலும் 7-18, எக்ஸ்ஜியும் 9.1-17.8 என்றால் ஸ்ட்ரைக்கரைத் திட்டிப் பயனில்லை, அவரிடம் பந்தே போய்ச் சேரவில்லை.

இப்படி நம்பிக்கை பலித்ததற்கு நல்ல உதாரணம் ஜெர்மனியின் பொருசியா டார்ட்மண்ட். 2015 பிப்ரவரி 4 அன்று சொந்த மைதானத்தில் ஆக்ஸ்பர்க்கிடம் 0-1 தோற்றபோது 19 மேட்ச் முடிந்திருந்தது, பட்டியலில் கடைசி இடம். சீசன் முடிவில் அதே அணி, அதே யூர்கன் குளோப் பயிற்சியில், 46 புள்ளியோடு 7-வது. அவர்கள் உருவாக்கிய வாய்ப்புகள் ஒருபோதும் கடைசி இடத்து அணியின் வாய்ப்புகளாக இருக்கவில்லை. 2020-21-இல் இங்கிலாந்தின் பிரைட்டன் 38 மேட்சில் 40 கோல்தான் போட்டு 41 புள்ளியோடு 16-வதாக முடித்தது. வாய்ப்புகளின் மதிப்பு அதைவிட நன்றாகவே அதிகம். கோச் கிரஹாம் பாட்டரை மாற்றவில்லை, அடுத்த சீசன் 51 புள்ளி, 9-வது இடம். மறுபக்கம், 2023-24-இல் ஷெஃபீல்ட் யுனைடெட் வாங்கியது 104 கோல், எடுத்தது 16 புள்ளி. அதைத் துரதிர்ஷ்டம் என்று எந்த எண்ணாலும் விளக்க முடியாது.

கீப்பரைப் பற்றிய தீர்ப்புக்கு எக்ஸ்ஜி உதவாது, எக்ஸ்ஜிஓடி (xGOT) வேண்டும். ஷாட் அடித்த பிறகு, கோலுக்குள் எந்த மூலைக்குப் போகிறது என்பதையும் சேர்த்துக் கணக்கிடும் எண் அது. கோலை நோக்கிப் போன ஷாட்டுகளுக்கு மட்டும்தான் வரும். பத்து மேட்சில் கீப்பர் சந்தித்த எக்ஸ்ஜிஓடி 17.5, வாங்கிய கோல் (சேம் சைடு கோல் நீக்கி) 18 என்றால் அவர் தன் வேலையைச் செய்திருக்கிறார். 13 வந்து 18 வாங்கியிருந்தால்தான் பேச்சு. அப்போதும் டிஃபெண்டர் காலில் பட்டுத் திசை மாறிய கோல்கள் எத்தனை என்று ஒரு முறை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் அவரைக் குறை சொல்ல வேண்டும். கீப்பர்களுக்கு ரசிகர்கள் செய்யும் அநியாயம் வேறு எந்த இடத்து ஆட்டக்காரருக்கும் நடப்பதில்லை. கையில் பட்டு உள்ளே போன ஒரு பந்து ஆறு மாதம் நினைவில் இருக்கும், விரல் நுனியால் கம்பத்துக்குத் தள்ளிய நாலு பந்து மறுநாளே மறந்துவிடும்.

கார்னர், ஃப்ரீ கிக் கணக்கைத் தனியாகப் பிரித்துப் பார்ப்பதும் பலன் தரும். ஓட்டத்தில் வரும் வாய்ப்புகளில் சமமாக இருந்து, கார்னரில் மட்டும் மேட்சுக்கு 0.4 விட்டுக்கொடுக்கும் அணிகள் உண்டு. மைதானத்தில் அது எப்படி நடக்கிறது என்றால், முதல் கம்பத்தில் நிற்பவர் பந்தைத் தலையால் தட்டிவிடுவார். ஆனால் பந்து எட்டடி தள்ளித்தான் விழும். பாக்ஸ் விளிம்பில் அதை எடுக்க வேண்டிய மிட்ஃபீல்டர் ஏற்கெனவே எதிர்த்தாக்குதலுக்கு ஓட ஆரம்பித்திருப்பார். இரண்டாவது பந்து எதிரணிக்கு, திரும்ப உள்ளே கிராஸ், எல்லாரும் வெளியே ஓடிவரும் நேரத்தில் இரண்டாவது கம்பத்தில் ஒருவர் தனியாக. ரீப்ளேயில் அந்தக் கடைசி ஆளைத்தான் காட்டுவார்கள். தப்பு நாலு விநாடி முன்னால் பாக்ஸ் விளிம்பில் நடந்தது. ஒரு வகையில் இது நல்ல செய்தி, பயிற்சியில் சீக்கிரம் சரிசெய்யக் கூடிய பலவீனம் இது. நல்ல விங்கர் இல்லாத குறையை அப்படித் தீர்க்க முடியாது.

எக்ஸ்ஜியின் கண்ணில் படாதவை நிறைய. கோலுக்கு முன்னால் குறுக்கே ஓடிய பந்தில் ஸ்ட்ரைக்கரின் காலணி நுனி படவில்லை என்றால் ஷாட்டே இல்லை, மதிப்பு பூஜ்யம். பெனால்டியைக் கீப்பர் தடுத்து, ரீபவுண்டும் வீணானால், ஒரே தாக்குதலுக்கு இரண்டையும் அப்படியே கூட்டி 1-க்கு மேல் காட்டும் கணக்குகளும் உண்டு, ஒரு தாக்குதலில் ஒரு கோலுக்கு மேல் வரவே முடியாது என்றாலும். இவற்றுக்கு ஒரே மருந்து கண்தான். ஷாட் ஆகாத நல்ல தாக்குதல்களை நோட்டில் ஓரமாக ஒரு கோடாகக் குறித்து வைக்கலாம். கோச் செய்யும் மாற்றம் பலிக்க ஆரம்பித்தால் முதலில் கூடுவது இந்தக் கோடுகள், பிறகுதான் எக்ஸ்ஜி, கடைசியில்தான் கோல்.

தொடர் தோல்வியைப் பற்றி ஒன்று. பாதி மேட்ச் தோற்கும் அளவுக்குப் பலமுள்ள ஒரு அணியை எடுத்துக்கொள்வோம். 38 மேட்ச் சீசனில் அது எங்காவது ஒரு இடத்தில் தொடர்ந்து ஐந்து தோற்கும் வாய்ப்பு வெறும் நாணயச் சுண்டல் கணக்கிலேயே சுமார் 45 சதவீதம். யாரும் சரியாக ஆடாமல் போகவில்லை, யாருக்கும் கோச் மேல் வெறுப்பு இல்லை, ஆனாலும் நடக்கும். அந்த ஐந்தாவது தோல்வியில்தான் பெரும்பாலும் கோச் போகிறார். அதற்குப் பிறகு முடிவுகள் பழைய சராசரிக்குத் திரும்பும், பெயர் புதியவருக்குப் போகும். லெஸ்டர் சிட்டி 2014-15-இல் 29 மேட்சில் 19 புள்ளியோடு கடைசியில் கிடந்தும் கோச் நைஜல் பியர்சனை வைத்துக்கொண்டது. கடைசி 9 மேட்சில் 7 வெற்றி, 22 புள்ளி, மொத்தம் 41, கீழ் லீக்குக்கு இறங்காமல் தப்பியது. எல்லா கோச்சையும் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு இது ஆதாரம் இல்லை. பத்து மேட்ச் எக்ஸ்ஜி இறங்கிக்கொண்டே போனால் மாற்றத்தான் வேண்டும். கோல் மட்டும் இறங்கி எக்ஸ்ஜி நிலையாக இருந்தால் பொறுக்க வேண்டும்.

புள்ளிக் கணக்கும் இதே நோட்டில் இருக்கட்டும். பிரீமியர் லீக்கில் 40 புள்ளி எடுத்தால் இறங்காமல் தப்பலாம் என்பது பழைய வழக்கு. உண்மையில் அது ஆண்டுக்கு ஆண்டு மாறும். 2002-03-இல் வெஸ்ட் ஹாம் 42 புள்ளி எடுத்தும் இறங்கியது. 2004-05-இல் வெஸ்ட் பிராம் 34 புள்ளியில் தப்பியது. 2024-25-இல் டாட்டன்ஹாம் 38 புள்ளியோடு 17-வது, அதற்குக் கீழே இருந்த லெஸ்டருக்கு 25 புள்ளிதான். 36 என்று இலக்கு வைத்து, 20 மேட்சில் 15 புள்ளி இருப்பதாக எடுத்துக்கொண்டால் மீதி 18 மேட்சில் தேவை 21. ஐந்து வெற்றி, ஆறு டிரா போதும். அதாவது இன்னும் ஏழு மேட்ச் தோற்கலாம். இந்த ஏழை நோட்டின் மேல் ஓரத்தில் எழுதி, ஒவ்வொரு தோல்விக்கும் ஒன்று அடித்துக்கொண்டே வரவும். பட்டியலின் உச்சியில் இருக்கும் அணியிடம் வெளி மைதானத்தில் வாங்கும் 0-3 அந்த ஏழில் ஒன்று, அவ்வளவுதான். கீழே இருக்கும் அணியிடம் சொந்த மைதானத்தில் தோற்பது அப்படி இல்லை, எதிரிக்கும் மூன்று புள்ளி போகிறது. அதற்கு இரண்டு அடிக்கலாம்.

80-வது நிமிடத்தில் 0-3 என்றதும் டிவியை அணைப்பவர்கள் லீக்கின் விதியையும் பார்த்துக்கொள்ளட்டும். பிரீமியர் லீக்கில் புள்ளி சமமானால் கோல் வித்தியாசம்தான் முதலில் வரும், அங்கே 0-3-க்கும் 0-5-க்கும் நடுவில் ஒரு சீசனே இருக்கலாம். லா லிகாவில் அந்த இரு அணிகளும் மோதிய மேட்ச்களின் முடிவைத்தான் முதலில் பார்ப்பார்கள். அப்படிப்பட்ட லீக்கில் கீழே போராடும் அணியிடம் 1-2 என்று தோற்றுக்கொண்டிருக்கும்போது 94-வது நிமிடத்தில் வாங்கும் மூன்றாவது கோலுக்குக் கொதிப்பது முழுக்க நியாயம். இரண்டாவது மேட்சில் அந்த ஒரு கோலையும் சேர்த்துத்தான் திருப்பிப் போட வேண்டியிருக்கும்.