விரிந்த இதயம், தடித்த இதயம்: முறுக்கு எதில் எப்படிக் கெடுகிறது?

ஈரத் துணியைப் பிழியும்போது இரண்டு கைகளும் எதிரெதிராகத் திரும்புமே, இதயத்தின் இடது கீழறை ரத்தத்தை வெளியே தள்ளுவதும் ஏறக்குறைய அப்படித்தான். நுனிப் பக்கமிருந்து பார்த்தால் நுனி இடஞ்சுழியாகவும் அடிப்பகுதி வலஞ்சுழியாகவும் திரும்பும். இதுதான் இதயத்தின் முறுக்கு. (‘அடி’ என்றாலும் அது இருப்பது மேலே, வால்வுகள் உள்ள பக்கம். குழப்பம்தான்.)

கார்டியோமயோபதி என்பது இதயத் தசை நோய். அதில் தசை விரிந்து மெலியும் டைலேட்டட் வகையில் இந்தப் பிழிதலே தளர்ந்துவிடுகிறது. முட்டை வடிவ அறை பந்துபோல உருண்டுவிடுவதால், சாய்வாக ஓடிய தசைநார்கள் படுக்கைவாட்டுக்கு நெருங்கி, முறுக்கும் பிடியை இழக்கின்றன. சிலருக்கு நுனியும் அடியும் ஒரே திசையில் திரும்பும். இரண்டு கையையும் ஒரே பக்கம் திருப்பினால் துணியில் தண்ணீர் இறங்குமா? இதில் எக்கோ ஸ்கேனிலேயே பம்பிங் குறைந்திருப்பது தெரிந்துவிடும்.

சுவர் தடிக்கும் ஹைப்பர்ட்ரோபிக் வகைதான் ஏமாற்றுக்காரன். பெரியவர்களுக்குச் சுவர் 15 மி.மீ. அல்லது அதற்கு மேல் தடித்திருக்கும். ஆனால் பம்பிங் அளவு இயல்பாகவே இருக்கும், முறுக்கு பலருக்குக் கூடியும் இருக்கும். சரி, சிக்கல் எங்கே? முறுக்கு அவிழ்வதில். பிழிந்த துணி சட்டென்று பிரியாததுபோல, விறைத்த சுவர் தாமதமாக அவிழ்கிறது. அறைக்குள் ரத்தம் நிரம்பத் திணறுகிறது, அழுத்தம் நுரையீரல்வரை ஏறுகிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். ரிப்போர்ட்டில் பம்பிங் மட்டும் ‘நார்மல்’ என்றிருக்கும்.