ஜிம்ப்பில் படத்தைச் சுருக்கிக் கூர்மையாக்குதல்: நீண்ட காலப் பயன்பாட்டில் தெரிந்தவை

கணினியில் பார்க்கும்போது கண்ணிமை ஒவ்வொன்றும் தெரிந்த படம், இணையத்தில் ஏற்றியதும் மழுங்கிப் போகிறது. பெரும்பாலும் லென்ஸ் மேல் தவறில்லை. படத்தைக் கடைசியாகச் சுருக்கியது யார் என்பதுதான் கேள்வி. 6000 × 4000 பிக்சல் படத்தை அப்படியே ஏற்றினால், தளம் அதைத் தன் அளவுக்குக் குறைத்துத் தன் தரத்தில் ஜேபெக் ஆக்கிவிடும். அதில் எவ்வளவு கூர்மை மிஞ்ச வேண்டும் என்று சொல்ல நமக்கு வழியில்லை. அந்த வேலையை நாமே செய்துகொள்ள ஜிம்ப் 2.10 என்ற இலவசப் படத்திருத்த மென்பொருள் போதுமா என்றால், ஒவ்வொரு படமாகப் பார்த்துச் செய்பவர்களுக்குத் தாராளமாகப் போதும்.

அளவை முதலில் முடிவு செய்ய வேண்டும். இன்ஸ்டாகிராமுக்கு அகலம் 1080. ஃபேஸ்புக்குக்கு நீளமான பக்கம் 2048. டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) பெட்டியில் 72 இருந்தாலும் 300 இருந்தாலும் திரையில் ஒரு மாற்றமும் இராது, அது அச்சுக்கானது.

அளவை மாற்றும் ஸ்கேல் இமேஜ் ஜன்னலில் இன்டர்போலேஷன் (புதிய பிக்சல்களைக் கணக்கிடும் முறை) தேர்வைப் பலர் கவனிப்பதே இல்லை. பாதிக்கும் கீழே சுருக்கும்போது நோஹேலோ நல்ல தேர்வு. நேரம் கொஞ்சம் பிடிக்கும், ஆனால் விளிம்புகள் சுத்தமாக வரும். லேசாக மட்டும் சுருக்கினால் லோஹேலோ. 'நன்' (None) என்பதைத் தொடவே வேண்டாம்: சாய்ந்த கோடுகள் படிக்கட்டாகிவிடும். நெருக்கமான நெசவுத் துணி, கம்பி வலை, ஓட்டுக் கூரை போன்றவற்றில் சுருக்கிய பிறகு அலை அலையாகக் கோலம் தெரிந்தால், அந்த இடத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, சுருக்குவதற்கு முன்பே லேசாக காஸியன் ப்ளர் (மங்கலாக்கும் ஃபில்டர்) கொடுக்க வேண்டும். சுருக்கிய பிறகு அந்தக் கோலத்தை நீக்குவது மிகக் கடினம்.

6000 அகலம் 2048 ஆகும்போது ஏறக்குறைய 9 பிக்சல்கள் சேர்ந்து ஒன்றாகின்றன. கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே இருந்த வெட்டு இதில் சராசரியாகிச் சாம்பலாகிறது. மழுங்கல் என்று நாம் சொல்வது இதைத்தான். அதனால்தான் ஷார்ப்பனிங், அதாவது கூர்மையாக்குதல், சுருக்கிய பிறகு வர வேண்டும். பெரிய படத்தில் ஏற்கெனவே போட்ட கூர்மை, சுருக்கும்போது பெரும்பாலும் கரைந்துவிடுகிறது.

இதற்கு ஜிம்ப்பில் உள்ள கருவி அன்ஷார்ப் மாஸ்க். அந்தப் பெயர் இருட்டறைக் காலத்திலிருந்து வந்தது. நெகட்டிவின் மங்கலான பாசிட்டிவ் நகலை அதனுடன் சேர்த்து வைத்து அச்சிடும் முறை அது. மென்பொருளும் அதே கணக்கைத்தான் போடுகிறது: படத்திலிருந்து மங்கலான நகலைக் கழித்து, கிடைக்கும் வித்தியாசத்தைப் பெருக்கித் திரும்பச் சேர்க்கிறது. விளிம்பின் ஒரு பக்கம் இன்னும் வெளுக்கிறது, மறுபக்கம் இன்னும் கறுக்கிறது. புதிதாக எந்த விவரமும் பிறப்பதில்லை. ஃபோகஸ் தவறிய படத்தை இது காப்பாற்றாது.

விளிம்பிலிருந்து எவ்வளவு தூரம் இந்த மாற்றம் பரவும் என்பது ரேடியஸ். ஜிம்ப் தானாக வைத்திருப்பது 3. இணையப் படத்துக்கு இது மிக அதிகம். மலை உச்சியையும் கட்டட விளிம்பையும் சுற்றி வெள்ளைக் கோடு விழுவதற்கு முதல் காரணம் இதுதான். 2048 அளவுக்கு ரேடியஸ் 0.5 முதல் 0.7, அமவுன்ட் (கூர்மையின் வலு) 0.5 முதல் 0.8 என்று தொடங்கலாம். 1080க்கு ரேடியஸை 0.4 வரை இறக்கலாம். இலை, கல், துணி போன்றவை அமவுன்டைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும், முகம் தாங்காது. உயர் ஐஎஸ்ஓவில் (கேமராவின் ஒளி உணர்திறனைக் கூட்டி) எடுத்த படமாக இருந்தால் த்ரெஷோல்டை (எவ்வளவு வித்தியாசத்துக்கு மேல் கூர்மையாக்க வேண்டும் என்ற வரம்பை) 0.01 அளவுக்கு ஏற்றினால் வானத்தின் புள்ளிகள் கிளம்பாமல் இருக்கும். இந்த எண்களை அப்படியே ஃபோட்டோஷாப்பில் போடக் கூடாது: அங்கே அமவுன்ட் சதவீதத்தில், த்ரெஷோல்ட் 0 முதல் 255 வரை.

இதையெல்லாம் 100 சதவீத ஜூமில் மட்டுமே பார்த்து முடிவு செய்ய வேண்டும். 66 சதவீதத்தில் திரையே படத்தை இன்னொரு முறை சுருக்கிக் காட்டுகிறது. அதை நம்பி அமவுன்டை ஏற்றினால் தேவைக்கு மேல் போய்விடும்.

நேரம் இருந்தால் லேயரை (படத்தின் அடுக்கை) நகலெடுத்து, நகலுக்கு மட்டும் ஷார்ப்பனிங் கொடுத்து, அதன் மோடை (கீழ் லேயருடன் கலக்கும் விதத்தை) எல்சிஹெச் லைட்னஸுக்கு மாற்றுவது மிகவும் பயனுள்ளது. வெளிச்சம் மட்டும் கூர்மையாகும். விளிம்பில் ஊதாவும் பச்சையும் தூக்கலாகத் தெரியாது. அந்த நகலுக்கு வெள்ளை மாஸ்க் (கறுப்பு பூசிய இடத்தில் லேயரை மறைக்கும் திரை) சேர்த்து, கன்னத்தின் மேலும் வானத்தின் மேலும் கறுப்பு பூசினால் அந்த இடங்கள் மென்மையாகவே இருக்கும்.

சேமிப்பதற்கு முன் நிற ப்ரொஃபைலை (நிற எண்களுக்குப் பொருள் சொல்லும் குறிப்பை) இணையத்தில் பொதுவான எஸ்ஆர்ஜிபிக்கு மாற்ற வேண்டும். அடோபி ஆர்ஜிபியில் விட்ட படம், ப்ரொஃபைலை மதிக்காத செயலிகளில் சாயம் போனதுபோல் தெரியும். மாற்றும்போது 'கன்வர்ட்' மட்டுமே சரி. எண்களை மாற்றாமல் குறிப்பை மட்டும் மாற்றும் 'அசைன்' கொடுத்தால் நிறமே திரிந்துவிடும். ஜேபெக் தரம் 85 முதல் 90 போதும். சிவப்புப் பூ, சிவப்பு எழுத்து உள்ள படத்தில் சப்சாம்ப்ளிங்கை (நிறத் தகவலைக் குறைக்கும் அளவை) எதுவும் குறைக்காத 4:4:4 என்று வையுங்கள். 4:2:0 நிறத் தகவலை நான்கில் ஒரு பங்காகக் குறைப்பதால் சிவப்பு விளிம்பு கசியும்.

அதிகக் கூர்மை இன்னொரு விதத்திலும் கெடுக்கிறது. ஜேபெக் படத்தை 8 × 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது. வெடுக்கென்ற விளிம்பு உள்ள கட்டத்துக்கு அதிக இடம் தேவை. அது கிடைக்காதபோது விளிம்பைச் சுற்றிப் பிசிறு மொய்க்கிறது. தளம் மறுபடி அழுத்தும்போது அது இரட்டிப்பாகத் தெரியும். ஆகவே கணினித் திரையில் 'சரியாக இருக்கிறது' என்று தோன்றும் இடத்திலிருந்து ஒரு படி குறைத்தே நிறுத்துவது நல்லது. வாட்ஸ்ஆப்பில் அனுப்புவதானால் டாக்குமென்ட்டாக இணைத்தால் இந்த மறு அழுத்தம் இல்லை.

ஜிம்ப்பின் பெரிய குறை மொத்த வேலைதான். நூறு படங்களுக்கு ஒரே அளவும் ஒரே கூர்மையும் கொடுக்க, நிறுவியவுடன் கிடைக்கும் எளிய வசதி எதுவும் அதில் இல்லை. அதற்கு பல படங்களை மொத்தமாக மாற்றும் எக்ஸ்என்கன்வர்ட் அல்லது இமேஜ்மேஜிக் மென்பொருள் பக்கம் போவதே மேல். எதில் செய்தாலும் செயல்களின் வரிசையில் ரீசைஸ் மேலேயும் ஷார்ப்பன் கீழேயும் இருக்கிறதா என்று ஓட்டுவதற்கு முன் பாருங்கள். சுருக்கிய நகலைத் தனிக் கோப்புறையில் எழுதச் சொல்லுங்கள். மூலப் படத்தின் மேலேயே எழுதிவிட்டால் அந்த 24 மெகாபிக்சல் திரும்ப வராது.