வைட்பேண்ட் எல்.என்.ஏ.: எதை எடுக்கலாம்?

கோவை, ஈரோடு பக்கத்துக் கல்லூரி லேப்களில் எம்.இ. புராஜெக்ட் சமயத்தில் தவறாமல் வரும் கேள்வி: "ஏனுங்க சார், வைட்பேண்ட் ரிசீவருக்கு எந்த எல்.என்.ஏ. போடறதுங்க?" எல்.என்.ஏ. என்றால் ஆன்டெனாவுக்கு அடுத்து உட்காரும் குறைந்த இரைச்சல் பெருக்கி; வைட்பேண்ட் என்றால் அகலமான அதிர்வெண் பட்டை. கேட்பவர் பெரும்பாலும் நாய்ஸ் ஃபிகரை, அதாவது பெருக்கி தானே சேர்க்கும் இரைச்சலின் அளவை, மட்டும் பார்த்து முடிவெடுத்திருப்பார்.

அங்கேதான் சிக்கல். கோவைக்குள் ஆன்டெனாவை நிமிர்த்தினால் 93.5, 98.3 எஃப்.எம். இரண்டும் பலமாக வந்து நிற்கும். பெருக்கியின் நேர்கோடு கொஞ்சம் வளைந்தாலும் போதும், இரண்டும் கூடி 191.8 மெகாஹெர்ட்ஸில் இல்லாத சிக்னல் ஒன்று முளைத்துவிடும். குறுகிய பட்டை ரிசீவரில் இந்தக் கூட்டல் பட்டைக்கு வெளியே போய்விடும். இங்கே உள்ளேயே விழும். அதனால் ஐ.ஐ.பி.3 (மூன்றாம் படி வளைவின் அளவுகோல்) மட்டும் பார்த்தால் பத்தாது, இப்படி இரண்டு சிக்னல் கூடுவதை அளக்கும் ஐ.ஐ.பி.2 எவ்வளவு என்றும் கேட்க வேண்டும். இரண்டுமே கூடுதலாக இருந்தால் நல்லது. ஆனைமலை அடிவாரம் மாதிரி அமைதியான இடத்துக்கு மட்டும்தான் ரிசீவர் என்றால், சரி, நாய்ஸ் ஃபிகருக்கே முதலிடம் கொடுங்கள்.

வடிவங்கள் நான்கைப் பார்க்கலாம். முதலாவது, டிரான்சிஸ்டரின் சோர்ஸ் முனையில் இண்டக்டர் வைக்கும் பாடப்புத்தக வடிவம், இரைச்சலில் கெட்டி. ஆனால் ஆன்டெனாவோடு ஒத்துப்போக வேண்டிய 50 ஓம் பொருத்தம் ஒத்ததிர்வு அதிர்வெண்ணைச் சுற்றித்தான் கிடைக்கும். நுழைவில் ஏணி ஃபில்டர் கட்டிப் பட்டையை விரிக்கலாம், 3.1 முதல் 10.6 கிகாஹெர்ட்ஸ் வரை அப்படிச் செய்தும் இருக்கிறார்கள். சிப்பில் பாதி இடத்தை இண்டக்டர்களே பிடித்துக்கொண்டால் அப்புறம் என்ன லாபம்?

இரண்டாவது காமன் கேட், சிக்னலைக் கேட்டுக்குப் பதில் சோர்ஸ் வழியே விடுவது. இதில் பொருத்தம் சுலபம்: ஜி.எம். (மின்னழுத்தம் மாறினால் கரண்ட் எவ்வளவு மாறும் என்ற அளவு) 20 மில்லி சீமென்ஸ் என்றால் 50 ஓம். விலையும் அதே இடத்தில்தான். ஜி.எம்.மைக் கூட்டி இரைச்சலைக் குறைக்கப் போனால் பொருத்தம் கெடும். காமா (டிரான்சிஸ்டரின் இரைச்சல் குணகம்) 2/3 என்றாலே நாய்ஸ் ஃபிகர் 2.2 டெசிபெல், குறுகிய சேனலில் காமா 1-ஐத் தொட்டால் 3. டிஃபரென்ஷியலாகக் கட்டி மின்தேக்கிகளைக் குறுக்கே கோத்தால் காமாவின் பங்கு பாதியாகும்.

மூன்றாவது, வெளியீட்டிலிருந்து நுழைவுக்கு ரெசிஸ்டர் கட்டும் ரெசிஸ்டர் ஃபீட்பேக். இது இண்டக்டரே கேட்காது, ஆனால் கரண்டை நிறையக் குடிக்கும்.

என் ஓட்டு நான்காவதுக்கு: இரைச்சல் நீக்கும் வடிவம். பொருத்தம் தரும் டிரான்சிஸ்டரின் இரைச்சல், ஃபீட்பேக் அமைப்பில் நுழைவிலும் வெளியீட்டிலும் ஒரே கட்டத்தில் (ஃபேஸில்) தெரியும், சிக்னலோ எதிர்க்கட்டத்தில். நுழைவு மின்னழுத்தத்தை இன்னொரு டிரான்சிஸ்டரால் தலைகீழாகப் பெருக்கி வெளியீட்டோடு சரியான அளவில் கூட்டினால், இரைச்சல் கழியும், சிக்னல் சேரும். 2004-இல் நெதர்லாந்தின் ட்வெண்டே பல்கலைக்கழகக் குழு 0.25 மைக்ரான் சிமாஸில் 150 முதல் 2000 மெகாஹெர்ட்ஸ் வரை நாய்ஸ் ஃபிகரை 2.4 டெசிபெலுக்குள் காட்டியது, 2.5 வோல்ட், 14 மில்லி ஆம்பியர். ஐ.ஐ.பி.2 +12, ஐ.ஐ.பி.3 0 டி.பி.எம். இந்த இரண்டு எண்களுக்காகத்தான் அந்தக் கட்டுரையைப் படிக்கச் சொல்வேன். ஒன்று மட்டும்: கூட்டும் டிரான்சிஸ்டரின் சொந்த இரைச்சல் கழியாது. அதற்குக் கரண்டில் கஞ்சத்தனம் பார்த்தால் செய்த வேலை வீண்.

சிப் இல்லை, போர்டுதான் என்றால் எஸ்.பி.எஃப்.5189இசட் மாதிரி ரெடிமேட் ஐ.சி. போதும்: 50 முதல் 4000 மெகாஹெர்ட்ஸ், 900-இல் 0.6 டெசிபெல். முன்னால் எஃப்.எம். தடுக்கும் ஃபில்டர் போட்டால் அதன் இழப்பு அப்படியே நாய்ஸ் ஃபிகரில் ஏறும். அரை டெசிபெல் இழந்தால் அரை டெசிபெல். நகருக்குள் அதைக் கொடுத்துவிடலாம்.